மீனுக்குப் போடும் மஞ்சள் நிற மருந்துத் தூள்: பிடிப்பதற்கு முன் நிறுத்திவிட்டால் போதுமா?

கரைச்சிக் கமக்காரன்

அனைவருக்கும் வணக்கம். வயலை ஒட்டிய மேட்டுக்காணியில் வெட்டிய மூன்று குட்டைகளில் திலாப்பியாவும் றோகுவும் விட்டிருக்கிறேன். குஞ்சு வாங்கிய இடத்தில் ஒரு பை மஞ்சள் நிற மருந்துத் தூளையும் சேர்த்துத் தந்தார்கள். அதைக் கிழமைக்கு ஒருநாள் தீனியில் கலந்து போட்டால் நோய் அண்டாது என்றும், பிடிப்பதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன் நிறுத்திவிட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தத் தீங்கும் வராது என்றும் சொன்னார்கள். பையில் பெயரும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. விசாரித்தபோது ஒட்சிரெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி என்றார்கள்.

பக்கத்துப் பண்ணையில் இதைப் போடும் முறையைப் போய்ப் பார்த்தேன். தூளைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, தீனியின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி எறிகிறார்கள். தீனி தண்ணீரில் விழுந்ததும் அதைச் சுற்றி மஞ்சள் கரைந்து பரவுவது கரையில் நிற்பவருக்கே தெரிகிறது. என் மீன்களுக்கு இப்போது நோய் எதுவும் இல்லை. இதைப் போடலாமா, முன்கூட்டியே நிறுத்திவிட்டால் போதுமா என்பதை விபரம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

வவுனிக்குளத்தார்

தம்பி, நோயில்லாத மீனுக்கு மருந்து எதற்கு என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வன்னியில் பெரும்பாலான நன்னீர் மீன் குளங்களிலிருந்துதான் வருகிறது. மாரி மழையில் குளம் நிறைந்த பிறகு நக்டா (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) தரும் குஞ்சுகளை விடுகிறோம், அவை குளத்தில் உள்ளதைத் தின்று வளர்கின்றன, கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது பிடிக்கிறோம். தீனியும் இல்லை, தூளும் இல்லை. முத்தையன்கட்டிலும் இரணைமடுவிலும் அப்படித்தான். ஆகவே "வன்னி மீனில் மருந்து" என்று யாராவது தலைப்புப் போட்டு எழுதுவதற்கு முன், குளத்து மீன் வேறு, குட்டையில் அடர்த்தியாக விட்டுத் தீனி போட்டு வளர்க்கும் மீன் வேறு என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். சந்தையில் இரண்டும் ஒரே தட்டில்தான் கிடக்கின்றன. கெட்ட பெயர் வந்தால் எங்களுக்கும் சேர்த்துத்தான் வரும்.

பாலியாறு

ஐயா சொன்ன வேறுபாடு மிகவும் சரியானது. நான் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் என்பதால் தம்பியின் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தூள் தந்தவர் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாக, பதில் சொல்லியிருக்கிறார்.

முதலாவது, மீனின் தசையில் மருந்து எஞ்சியிருக்குமா என்பது. மீனின் உடல் வெப்பநிலை தண்ணீரோடு ஏறி இறங்குவதால் மருந்து வெளியேறும் வேகமும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தே அமைகிறது. இதனால்தான் ஐரோப்பாவில் காத்திருப்புக் காலத்தை வெறும் நாட்களில் சொல்லாமல், தண்ணீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கிப் "பாகை-நாள்" என்று கணக்கிட்டார்கள். மீனுக்கென்று காலம் வரையறுக்கப்படாத மருந்துகளுக்கு அங்கே நீண்ட காலமாகப் பயன்பட்ட அளவு 500 பாகை-நாள். நமது குட்டைத் தண்ணீர் 28 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 18 நாட்கள் ஆகும். இரண்டு கிழமை என்பது 392 பாகை-நாள்தான். அந்த அளவுகோலின்படியே அவர் சொன்ன காலம் போதாது. பையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதே தெரியாத நிலையில் எந்தக் கணக்கும் நிற்காது என்பது வேறு கதை. குளோரம்பெனிக்கோல் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தூள்களும் உலகில் விற்பனையாகியிருக்கின்றன. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளின் இறாலில் அது கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதிகளைத் தடுத்தது பலருக்கு நினைவிருக்கும். உணவுக்கான விலங்குகளில் அந்த மருந்துக்குப் பாதுகாப்பான எச்ச அளவு என்று ஒன்று அங்கே ஏற்கப்படவில்லை.

இரண்டாவது கேள்வி, அந்த மருந்தைக் கண்ட பற்றீரியாக்களுக்கு என்ன நேரும் என்பது. ஒட்சிரெட்ராசைக்கிளின் மீனின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கல்சியம், மக்னீசியம் அயன்களோடு அது பிணைந்துகொள்வதால் கடல்நீரிலும் கடின நீரிலும் அதன் வலு இன்னும் குறைகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் கிணற்றுத் தண்ணீரை வைத்திருக்கும் நமது ஊர்களில் இது சின்ன விடயம் அல்ல. கரைந்து போனதும், மீன் தின்று கழித்ததுமாக, எறிந்த மருந்தின் பெரும்பகுதி தண்ணீருக்கும் அடிச்சேற்றுக்கும்தான் போகிறது. ஒட்சிசன் இல்லாத அந்தச் சேற்றில் அது கிழமைக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறது. கொல்லும் அளவுக்கு இல்லாமல், ஆனால் முற்றாக மறையாமலும் இருக்கும் அந்தச் சிறிய செறிவில் மருந்துக்கு அடங்கும் பற்றீரியாக்கள் பின்தங்க, தாக்குப்பிடிக்கக் கூடியவை பெருகி இடத்தைப் பிடிக்கின்றன. கிழமைக்கு ஒருநாள் போடு என்ற அறிவுரை இதற்கென்றே திட்டமிட்டது போல இருக்கிறது.

பிடிப்பதற்குப் போதிய காலம் முன்பே நிறுத்துவது சாப்பிடுகிறவரைக் காக்கும். குட்டையை அது காக்காது. அடுத்த முறை விடும் குஞ்சுகள் அதே சேற்றின் மேல்தான் நீந்தப் போகின்றன. அவற்றுக்கு ஏரோமோனாஸ் என்ற பற்றீரியா தொற்றினால் அந்தத் தூள் அப்போது வேலை செய்யாமல் போகக்கூடும்.

செட்டிகுளம் கோழிப்பண்ணை

சகோதரி எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் இந்த விடயத்தில் எப்போதும் சிறு பண்ணையாளரின் தலையில்தான் பழி விழுகிறது. காய்ச்சல் என்றவுடன் கடையில் குளிசை வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? வைத்தியசாலைக் கழிவுநீர் எங்கே போகிறது? மூன்று குட்டை வைத்திருப்பவர் போடும் ஒரு பை தூளினால் உலகம் கெட்டுவிடுமா? மேலும் நாங்கள் மீனைப் பச்சையாகத் தின்பவர்கள் அல்லர். மிளகாய்த்தூளும் புளியும் போட்டுக் கொதிக்கும் குழம்பில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்?

பாலியாறு

நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. 2019 ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளை நேரடிக் காரணமாகக் கொண்டு உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் இவ்வளவு மீன் பண்ணையால் வந்தது என்று யாரும் பிரித்துக் காட்டிவிட முடியாது. மனிதருக்குக் கொடுக்கும் மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவதே பெரிய காரணம் என்பதையும் நான் மறுக்கவில்லை. குழம்பும் கிருமியைக் கொல்லும். 2015 இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே என்ற பற்றீரியா தொற்றியபோதும் சமைத்துத் தின்றவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டுக் கோப்பை மட்டுமே வழி அன்று. மீன் வெட்டும்போது செதிலும் முள்ளும் கீறிய கை, சேற்றில் இறங்கிய காலில் இருக்கும் புண், குட்டைத் தண்ணீரைக் குடிக்கும் மாடு, வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகள் ஆகியவையும் வழிகள்தாம். 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் உயிர் தப்பியவர்களின் காயங்களில் அதிகமாகக் காணப்பட்ட பற்றீரியாக்களில் ஏரோமோனாஸும் ஒன்று. முல்லைத்தீவில் அந்தக் காயங்களைப் பார்த்தவர்களுக்கு அழுக்குத் தண்ணீர் புண்ணுக்குள் போனால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது, நோய் தரும் கிருமி ஆளுக்கு வந்து சேர வேண்டும் என்ற அவசியமே இல்லை என்பது. மருந்து எதிர்ப்புத்திறனுக்கான மரபணுக்கள் பல வேளைகளில் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வட்ட டி.என்.ஏ. துண்டுகளில் இருக்கின்றன. ஒரு பற்றீரியா அதை இன்னொன்றுக்கு, அதுவும் வேற்று இனத்துக்கே, கைமாற்றிவிடும். ஒரே பிளாஸ்மிட்டில் மூன்று நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு வரிசையாக இருக்கும் என்பதால் ஒட்சிரெட்ராசைக்கிளின் மட்டும் போட்ட குட்டையில் வேறு மருந்துகளுக்கும் அடங்காதவை பெருகலாம். சிப்ரோபுளொக்சசின் குடும்பத்து மருந்துகளை மழுங்கடிக்கும் கியூ.என்.ஆர். மரபணு 1998 இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிளெப்சியெல்லா என்ற பற்றீரியாவில் கண்டறியப்பட்டது; அதன் ஒரு வகையின் பிறப்பிடம் தண்ணீரில் வாழும் ஷிவனெல்லா அல்கே என்ற பற்றீரியா என்று 2005 இல் தெரியவந்தது. மீன் பண்ணைதான் இதற்குக் காரணம் என்று இது காட்டவில்லை. தண்ணீரில் இருப்பது வைத்தியசாலைவரை நடந்து போக ஒரு பாதை உண்டு என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கோழிப்பண்ணை என்று பெயர் வைத்திருப்பதால் உங்களிடமே ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கோழி எருவை மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கிறீர்களா?

செட்டிகுளம் கோழிப்பண்ணை

கொடுக்கிறேன். தண்ணீர் பச்சை பிடிக்க வேண்டும் என்று உரப்பை கணக்கில் கேட்டு வாங்குகிறார்கள். கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலக்கும் காலமும் உண்டு என்பதால் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பது விளங்குகிறது.

பாலியாறு

ஆம், அங்கேதான் வருகிறேன். தாய்லாந்தில் கோழிக்கூட்டைக் குட்டையின் மேலேயே கட்டி எச்சம் நேராகத் தண்ணீரில் விழும்படி வளர்த்த பண்ணைகளை ஆராய்ந்தபோது, மீனுக்கு யாரும் மருந்து போடாமலே குட்டையின் பற்றீரியாக்களில் எதிர்ப்புத்திறன் ஏறியிருந்தது. நன்றாக மக்க வைத்த எரு பச்சை எருவை விடப் பாதுகாப்பானது, ஆனால் எல்லா மருந்தும் எல்லா மரபணுவும் மக்கும்போது அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கோழிக்கு மருந்து கொடுத்த காலத்து எருவைத் தனியாகக் குவித்து, மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்காமல் விடுவது உங்களால் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம். தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும்; தூளை நிறுத்திவிட்டு எருவைக் கொட்டினால் வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்த கதைதான்.

பேர்கன் முள்ளியவளையான்

நான் நோர்வேயில் சால்மன் வளர்ப்புத் துறையில் வேலை செய்கிறேன். இங்குள்ள அனுபவத்தை எழுதுகிறேன். வன்னிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை.

1987 இல் நோர்வேயின் மீன் பண்ணைகள் ஓராண்டில் 50 தொன்னுக்குக் கிட்டிய நுண்ணுயிர்க்கொல்லியைப் பயன்படுத்தின. அன்றைய உற்பத்தி இன்றையதில் ஒரு சிறு பங்கு. இப்போது ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் மீன் வளர்க்கிறார்கள், மருந்து ஒரு தொன்னுக்கும் குறைவு. இதை யாரும் நல்ல புத்தியால் சாதிக்கவில்லை. மருந்து வேலை செய்யாமல் போனதும் மீன் செத்துக் காசு போனதும்தான் தள்ளின. பியூரன்குலோசிஸ், விப்ரியோ என்ற பற்றீரியா நோய்களுக்கு எண்ணெயில் கலந்த தடுப்பூசி வந்தது. கடலில் விடுவதற்கு முன் ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். அதோடு ஒரு பண்ணையில் ஒரே வயது மீனை மட்டும் வைப்பது, பிடித்து முடிந்ததும் அந்த இடத்தைச் சில காலம் வெறுமையாக விடுவது, பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே தூரம் வைப்பது ஆகியவை சட்டமாயின.

மறுபக்கத்தில் சிலி நாடு இருக்கிறது. அதே சால்மன், அதே தீனி, பெரும்பாலும் அதே தொழில்நுட்பம்; ஆனால் 2014 இல் அங்கே 560 தொன்னுக்கு மேல் மருந்து போனது. காரணம், அங்குள்ள முதன்மை நோயை உண்டாக்கும் பிசிரிக்கெட்சியா என்ற பற்றீரியா மீனின் கலங்களுக்குள் ஒளிந்து வாழ்வதால் தடுப்பூசி அதற்குச் சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே தடுப்பூசி ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். திலாப்பியாவின் ஸ்ரெப்ரோகொக்கஸ் நோய்க்கும் தடுப்பூசி உண்டு, ஆனால் மூன்று குட்டைக்காரர் ஒருவர் குஞ்சு குஞ்சாகப் பிடித்து ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது. நோர்வேயிலிருந்து எடுக்கக்கூடியது அந்த வெறுமையாக விடும் பழக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. வன்னியில் கோடை அதைச் சும்மா செய்து தருகிறது.

வவுனிக்குளத்தார்

பேர்கன் தம்பி சொன்ன கடைசி வார்த்தை எங்களுக்குப் பழகியது. வற்றிய குளத்தின் அடி வெடித்துக் காய்ந்தால் அடுத்த மாரியில் மீன் செழிக்கும் என்று முன்னோர் சொல்வார்கள். குட்டைக்காரரும் பிடித்த பிறகு தண்ணீரை வெளியேற்றி, கறுத்த சேற்றை வழித்து, வெயிலில் காய விட்டுச் சுண்ணாம்பு தூவினால் பாதி நோய் அங்கேயே போய்விடும். அந்தக் கறுத்த சேற்றை வாய்க்காலில் தள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். கரைச்சியில் வாய்க்காலில் விட்டது எங்கே போகும்? வயல் வயலாகப் பாய்ந்து கழிவாற்றில் இறங்கி, கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளத்துக்குப் போய்விடும். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பேராறு நந்திக்கடலில் விழுகிறது. அங்கே இறால் பிடித்துப் பிழைக்கிற சனத்துக்கு இந்தத் தூளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கரைச்சிக் கமக்காரன்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி. தூளைப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் உண்மையாகவே நோய் வந்தால் என்ன செய்வது? மீன் மிதக்கத் தொடங்கினால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் மருந்து போடு என்றுதான் சொல்வார்கள். அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

பாலியாறு

நிற்கத் தேவையில்லை, தம்பி. மீன் எப்போது சாகிறது என்பதை முதலில் பாருங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் கொஞ்சம் தெளிந்தால் அது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. இரவில் பாசியும் சேறும் சேர்ந்து ஒட்சிசனைக் குடித்துவிடுகின்றன. அதற்கு மருந்து தண்ணீரை மாற்றுவதும், தீனியைக் குறைப்பதும், பம்பால் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவதும்தான். உடலில் ஆழமான செம்புண்கள் என்றால் அது பூஞ்சை போன்ற ஓர் உயிரி தரும் நோயாக இருக்கலாம். 1980களின் இறுதியில் இலங்கையின் நன்னீர் மீன்களைத் தாக்கியது அதுதான். இறாலின் வெண்புள்ளி நோய் வைரசு. 1996 இல் புத்தளம், சிலாபம் பண்ணைகளை அது அழித்தபோது எந்த நுண்ணுயிர்க்கொல்லியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த மூன்றுக்கும் மஞ்சள் தூளைப் போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதாகும்.

பற்றீரியா நோய் என்று சந்தேகிக்க வேண்டியவை வேறு. திலாப்பியா சுழன்று சுழன்று நீந்தி, கண் பிதுங்கி, சிலவேளை ஒரு கண் வெண்மை படர்ந்திருந்தால் ஸ்ரெப்ரோகொக்கஸ். வயிறு நீர் கோர்த்து, செட்டையின் அடியில் இரத்தம் கட்டியிருந்தால் ஏரோமோனாஸ். இதுவும் ஊகம்தான். ஊகத்தை உறுதி செய்ய, நோயுற்ற ஆனால் உயிருள்ள மீன் நாலைந்தைத் தண்ணீரும் ஒட்சிசனும் அடைத்த பையில் உங்கள் பகுதி மிருக வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு அனுப்ப இயலாவிட்டால் அப்போதுதான் செத்ததைப் பனிக்கட்டிக்குள் வையுங்கள், உறைய விடாதீர்கள். நேற்றே செத்து மிதந்த மீனில் அழுகல் பற்றீரியாதான் கிடைக்கும், நோய்க்கிருமி கிடைக்காது.

அங்கே மீனின் சிறுநீரகத்திலிருந்தும் மூளையிலிருந்தும் சிறிது எடுத்து வளர்த்து, வளர்ந்த பற்றீரியாவை ஏகார் தட்டில் (பற்றீரியா வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டில்) சீராகப் பூசி, அதன் மேல் ஒவ்வொரு மருந்திலும் தோய்த்த சிறு வட்டக் கடதாசிகளை வைப்பார்கள். அடுத்த நாள் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வளையம் தெரியும். அதை மில்லிமீற்றரில் அளப்பார்கள். ஒட்சிரெட்ராசைக்கிளின் வட்டத்தின் விளிம்புவரை பற்றீரியா தடிப்பாக வளர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டுகளை நான் பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு தட்டைக் கண்ட பிறகு அந்தத் தூளை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. மனிதக் கிருமிகளுக்கு வைப்பது போல 35 பாகையில் வைத்தால் சில மீன் கிருமிகள் சரியாக வளராது. 28 பாகை அளவில் வைக்கத் தெரிந்த இடமாகப் பார்த்து அனுப்புவது நல்லது. மருந்து தேவை என்று முடிவு வந்தால், எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மிருக வைத்தியர் எழுதித் தருவார். எழுதித் தந்த நாட்களுக்கு முழுதாகப் போட வேண்டும். மீன் தெளிந்துவிட்டது என்று இடையில் நிறுத்துவதும் கூடாது. இன்னொன்று, நோய் கண்ட மீன் தீனி தின்னாது. தின்பது சுகமான மீன்தான். ஆகவே காலம் தாழ்த்திப் போட்ட மருந்து போய்ச் சேர வேண்டியவற்றுக்குச் சேருவதே இல்லை.

செட்டிகுளம் கோழிப்பண்ணை

மருந்து கொடுத்த காலத்து எருவைத் தனியாகக் குவிக்க இடம் ஒதுக்கிவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் பேராதனையில் இருக்க, மீன் கிளிநொச்சியில் சாகிறது. முடிவு வந்து சேர்வதற்குள் குட்டை காலியாகிவிடும். இதை அதிகாரிகளிடம் யாராவது எழுத்தில் கேட்க வேண்டும்.

வவுனிக்குளத்தார்

நியாயமான பேச்சு. எங்கள் நன்னீர் மீனவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கிறேன். குட்டைக்காரர்களும் வந்தால் கோரிக்கைக்குப் பலம் கூடும்.

கரைச்சிக் கமக்காரன்

நான் வருகிறேன், ஐயா. அக்கா, கடைசியாக ஒரு கேள்வி. கையில் இருக்கும் ஒரு பை தூளை என்ன செய்வது? கிடங்கு வெட்டிப் புதைக்கலாமா?

பாலியாறு

புதைக்க வேண்டாம், உங்கள் காணியில் கிணறும் குட்டையும் பக்கத்தில் இருக்கின்றன. கழிப்பறையிலும் வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். ஈரம் படாமல் கட்டி, மேலே "மருந்து, விலங்குக்குப் போடக் கூடாது" என்று எழுதி, மிருக வைத்தியர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். முறையாக எரிக்கும் இடத்துக்கு எப்படி அனுப்புவது என்று அவர்கள் வழி சொல்வார்கள். விற்றவரிடம் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது அடுத்த குட்டைக்காரரிடம் போய்விடும்.